குளிர் அறையில் பிறந்தவை

குளிர்க் கிடங்கில் எல்லோரும் அவளை ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். வெளியே தார் உருகுகிற வெயில் அடிக்கும்போது, உள்ளே மைனஸ் பதினெட்டு டிகிரியில் தொப்பி, கையுறை, பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு, முழங்கால் வரை பூட்ஸ் என்று ஒரு மூட்டை மாதிரி நடந்துகொண்டிருப்பாள். எந்தச் சரக்கு எங்கே தொங்குகிறது, எது முதலில் லாரி ஏற வேண்டும் என்று பார்க்கிற சூப்பர்வைசர் வேலை. "என் பொண்டாட்டிக்கு வருஷம் பூரா குளிர்காலம்" என்று அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் பஸ் டிரைவர். இன்ஜின் சூட்டில் வெந்துபோன மனிதர்.

கணவரின் தம்பி இவர்களோடுதான் இருந்தான். வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் கூடத்துச் சோபாவில் குப்புறப் படுத்துக் கிடந்தவனை, மேனேஜரிடம் சொல்லி அவள்தான் கிடங்கில் சேர்த்துவிட்டாள். நன்றாகவே உழைத்தான். உறைந்த சரக்கைத் தோளில் தூக்கினால் அந்தக் குளிரிலும் வேர்க்கும். அவன் கோட்டைக் கழற்றி ஏதாவது பெட்டி மேல் போட்டுவிட்டுத்தான் வேலை செய்வான். "காய்ச்சல்ல படுத்தா உங்க அண்ணன் என்னைத்தான் திட்டுவாரு" என்று அவளும் தினம் கத்துவாள்.

வம்பு நான்காம் நம்பர் அறையிலிருந்து கிளம்பியது. கிடங்கிலேயே பழைய அறை அது. கட்டிய நாளிலிருந்து அதன் குளிரை ஒருமுறைகூட நிறுத்தியதில்லை. வெள்ளைத் துணி உறை போட்ட முழு ஆட்டு உடல்கள் மேலே ஓடும் இரும்புக் கம்பியில் வரிசை வரிசையாகத் தொங்கும். முன் வரிசைகள் மட்டும்தான் மாறிக்கொண்டே இருக்கும். பின்னால் இருப்பது அவசரத்துக்கென்று வைத்த கையிருப்பு. அந்தப் பக்கம் ஆள் போவதே அபூர்வம்.

ஒரு நாள் பெரிய ஆர்டர் வந்து பின் வரிசையிலும் கை வைக்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலை ஒரு ஹோட்டல்காரர் தனக்கு வந்த ஆட்டை அப்படியே திருப்பிக்கொண்டு வந்து மேனேஜரின் மேசை மேல் தொப்பென்று போட்டார்.

"என்னை என்ன கேனைன்னு நெனச்சீங்களா? தொடையைத் தொட்டுப் பாருங்க."

மேனேஜர் தொட்டார். விரல் உள்ளே போயிற்று. மேலே தோல்போல ஒரு படலம். உள்ளே கறியே இல்லை. எலும்பைச் சுற்றிக் குடைந்து எடுத்துவிட்டு, அந்தக் குழி முழுக்க வெள்ளைப் பஞ்சு அடைத்திருந்தது.

ஐஸ் அக்கா இத்தனை வருஷத்தில் சரக்கு உடைந்து பார்த்திருக்கிறாள், நிறம் மாறிப் பார்த்திருக்கிறாள். இப்படிப் பொம்மைக்குப் பஞ்சு திணித்த மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை.

"எலியா இருக்குமோ?" என்றார் லாரி டிரைவர் ஒருவர்.

"மைனஸ் பதினெட்டுல எலியா?" மேனேஜர் எரிந்து விழுந்தார். "உள்ள நுழைஞ்ச அடுத்த நிமிஷம் ஐஸ் கட்டியா விழுந்து கெடக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

"இது மனுஷன் வேலை" என்றார் மேனேஜர். "கறியைக் குடைஞ்சு எடுத்துட்டு, பள்ளம் தெரியக் கூடாதுன்னு பஞ்சை வெச்சு அடைச்சிருக்கான். மூளையைப் பாருங்க!"

பஞ்சு எங்கிருந்து வந்தது என்று தேட வெகு நேரம் ஆகவில்லை. கோட்டுகள் மாட்டுகிற இடத்தில் சின்னவனின் கோட்டு தொங்கியது. உள்பக்கத் துணி கிழிந்து, ஒரு பக்கத்துப் பஞ்சு முழுக்கக் காணாமல் போயிருந்தது. மேனேஜர் கிழிசலுக்குள் கையை விட்டு மீதிப் பஞ்சைக் கொஞ்சம் பிடுங்கினார். ஆட்டின் தொடையில் இருந்ததோடு சேர்த்து வைத்தார். இரண்டும் ஒன்றேதான்.

"சார், கோட்டு எப்படிக் கிழிஞ்சதுன்னே எனக்குத் தெரியாது. உள்ள கழட்டிப் போட்டிருந்தேன், எடுக்கும்போது இப்படி இருந்துச்சு" என்றான் சின்னவன். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணி, நீங்க சொல்லுங்க."

மேனேஜரும் அவளைப் பார்த்தார். "நீங்கதான சேர்த்துவிட்டீங்க. இவன் செஞ்சிருக்க மாட்டான்னு உங்களால உறுதியா சொல்ல முடியுமா?"

சொல்லியிருக்கலாம். அவனைப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். ஆனால் கண் முன்னால் இரண்டு கைப்பிடிப் பஞ்சு ஒன்றுபோலக் கிடந்தது. அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"எனக்கு ஒண்ணும் புரியல சார்."

சின்னவன் கையுறைகளைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, வெயிலில் இறங்கி நடந்துவிட்டான்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது சோபாவின் கீழே இருந்த அவன் பையைக் காணவில்லை. கணவர் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சிரிப்பு, கேலி எதுவும் இல்லை.

"மெக்கானிக் ஷெட்ல அவன் ஃபிரெண்டு கூட இருக்கானாம். எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். 'மேனேஜர் சொன்னது எனக்கு வலிக்கல, அண்ணி சும்மா நின்னாங்க'ன்னான்."

"பஞ்சு அவன் கோட்டுலேர்ந்துதாங்க எடுத்திருக்கு. நான் என்னன்னு சொல்றது?"

"எனக்கென்ன தெரியும்" என்றார் அவர். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் காலை அவள் நான்காம் அறைக்குள் தனியாகப் போனாள். பின் வரிசைகளில் இன்னும் எத்தனை கெட்டிருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லியிருந்தார் மேனேஜர். கம்ப்ரசரின் இரைச்சல் தவிர வேறு சத்தம் இல்லை. மூச்சு புகையாகப் போயிற்று. கடைசி வரிசையில் தொங்கிய உடல்களை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிப் பார்த்தாள். சரியான எடை இருந்தால் அசையாது. முதல் மூன்றும் அசையவில்லை. நான்காவது, துணிக்கொடியில் காயும் சட்டைபோல ஆடியது.

அதைக் கட்டிப் பிடித்துக் கொக்கியிலிருந்து இறக்கித் தரையில் கிடத்தினாள். ஒரு குழந்தையின் கனம்கூட இல்லை. உறையைக் கத்தியால் கிழித்தாள். விலா எலும்புகளின் நடுவே பஞ்சு நிறைந்திருந்தது. பஞ்சோடு துணி நூல், அட்டைப் பெட்டியின் தூள், காய்ந்த நரம்பு எல்லாம் சேர்த்து உருண்டையாகப் பின்னிய மாதிரி இருந்தது.

அந்த உருண்டை அசைந்தது.

அவளுக்கு முதலில் தோன்றியது, தன் கைதான் நடுங்குகிறது என்று. கையை எடுத்தாள். மறுபடியும் அசைந்தது. நடுவில் ஒரு பிளவு விரிந்து, அதிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. எலியின் தலைதான். ஆனால் அவள் சமையலறையில் துடைப்பத்தால் விரட்டிய எலி இல்லை. பூனைக்குட்டிபோல அடர்ந்து பொசுபொசுவென்ற முடி. காது முடிக்குள்ளேயே புதைந்திருந்தது. உடம்பு உருண்டு திரண்டிருந்தது; வால் கட்டையாகக் குட்டையாக இருந்தது. அது ஓடவில்லை. மீசையில் பனித்துகள் ஒட்டியிருக்க, அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் வயிற்றுக்குக் கீழே, பஞ்சின் குழியில், கண் திறக்காத குட்டிகள் நெளிந்தன. முடியில்லாத, சிவந்த, விரல் நுனி அளவு உடம்புகள்.

மைனஸ் பதினெட்டு. அவள் தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த மீட்டரைப் பார்த்தாள். மைனஸ் பதினெட்டுதான் காட்டியது.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. அறைக் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்து ஆபீஸ் வாசலில் நின்று, "குட்டி... சார், குட்டி போட்டிருக்கு" என்று மட்டும் சொன்னாளாம். யார் போட்டது, என்ன குட்டி என்று அவர்கள் கேட்கக் கேட்க அவளுக்கு நாக்கு புரளவில்லை. கடைசியில் மேனேஜரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கோட்டில்லாமல், செருப்புக் காலோடு உள்ளே வந்த மேனேஜர், உருண்டைக்குள் பார்த்தார். குனிந்து இன்னொருமுறை பார்த்தார். பிறகு அந்த ஐஸ் தரையிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் வந்து தூக்க வேண்டியதாயிற்று.

கறிக்கு முத்திரை வைக்க வாரம் ஒருமுறை வருகிற கால்நடை டாக்டரை உடனே கூப்பிட்டார்கள். நிதானமான மனிதர். வந்ததும், "எங்கேயோ வெளியேர்ந்து நேத்து ராத்திரி நுழைஞ்சிருக்கும். இன்னும் சாகல, அவ்வளவுதான்" என்றார். தாய் எலியைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து, நன்றாகப் பார்க்கலாம் என்று ஆபீசுக்கு எடுத்து வந்தார்.

ஆபீஸ் தகரக் கூரை போட்டது. மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றியது. ஜாடியை மேசை மேல் வைத்துச் சிறிது நேரம்கூட ஆகவில்லை, எலி வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. பக்கவாட்டில் சாய்ந்தது. கால்கள் விறைத்தன.

"ஐயோ, இது சாகுது டாக்டர்" என்றாள் அவள்.

"பயத்துல அப்படித்தான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். எலியின் மூக்கைப் பார்த்தார், மேலே தகரக் கூரையைப் பார்த்தார். அவர் முகம் மாறிப்போயிற்று. "உள்ள கொண்டு போங்க. சீக்கிரம்! குளிருக்குள்ள கொண்டு போங்க!"

அவள் ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். நான்காம் அறையில் தரையில் வைத்து மூடியைத் திறந்தாள். டாக்டர் பின்னாலேயே வந்து மண்டியிட்டார். அசைவில்லை. பிறகு வயிறு ஒருமுறை ஏறி இறங்கியது. இன்னொருமுறை. எலி புரண்டு எழுந்தது. ஜாடியின் விளிம்பில் படிந்திருந்த பனியை நக்கியது. முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. பிறகு தன் வீட்டு வாசலில் நடக்கிறவள் மாதிரி நிதானமாகக் குட்டிகளிடம் போய்ச் சேர்ந்தது.

டாக்டரின் பற்கள் தந்தியடித்தன. குளிரில்தானா என்று சொல்ல முடியாது.

"இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல" என்றார், "குளிர்ல விறைச்ச பிராணிக்குச் சூடு காட்டி உயிர் வர வெச்சிருக்கேன். சூட்டுல சாகப் போனதை ஃப்ரீசர்ல வெச்சுப் பொழைக்க வெச்சது இதான் முதல் தடவை."

"இது என்ன ஜாதி எலி டாக்டர்?"

"நம்ம வீட்டுச் சுண்டெலிதாம்மா. வேற எதுவும் இல்ல."

"அப்புறம் இந்த முடி? இந்த உடம்பு? குளிருதுன்னு அதுவா வளத்துக்கிச்சா?"

"அது எப்படி வளத்துக்கும்? அதுக்கு என்ன தெரியும்?" அவர் தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "இந்த அறை கட்டின காலத்துல பெட்டியோட பெட்டியா நாலு எலி உள்ள வந்திருக்கும். வந்ததுல முக்காவாசி செத்திருக்கும். எதுக்குக் கொஞ்சம் முடி அதிகமோ, எதுக்குக் கொஞ்சம் கொழுப்பு அதிகமோ, அது மட்டும் தப்பிச்சுக் குட்டி போட்டிருக்கும். அந்தக் குட்டியிலயும் மெலிஞ்சது செத்திருக்கும். எலிக்கு ரெண்டு மாசத்துல பேரன் பேத்தி வந்துடும். நீங்க குளிரை நிறுத்தவே இல்ல, அதுங்க சாகிறதையும் பொறக்கிறதையும் நிறுத்தல. மிஞ்சினது இது."

அவள் சுற்றிலும் பார்த்தாள். வெள்ளை உறை போட்டுத் தொங்கும் உடல்கள், வரிசைக்குப் பின் வரிசை. எதில் கறி இருக்கிறது, எதில் குடும்பம் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. இதே இடத்தில் தினம் நடந்திருக்கிறாள். பத்தடி தூரத்தில் இந்த எலிகள் பிறந்து, வளர்ந்து, குட்டி போட்டுச் செத்திருக்கின்றன. டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே ஓடிப்போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தாள்.

வாயைக் கொப்பளிக்கும்போதே, சின்னவனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடச் சொன்னார் மேனேஜர். அவள் நேராக மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் போனாள். சின்னவன் ஒரு பைக்கின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அந்த மரியாதைக்குக் குறைச்சலில்லை. அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தான். சிரித்துக்கொண்டிருந்தவன் முகம் சட்டென்று இறுகிவிட்டது.

"அப்போ, எலி வந்து சாட்சி சொல்லலேன்னா நான் திருடன்தான். அப்படித்தான அண்ணி?"

"மேனேஜர் திரும்ப வேலைக்கு வரச் சொன்னாரு" என்றாள், வேறு எதுவும் தோன்றாமல்.

"அவரையே ஆட்டைத் தூக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் குந்தி உட்கார்ந்து ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டான். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது.

நான்காம் அறையைச் சூடாக்கி, சரக்கு முழுவதையும் அழித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வாரக் கடைசியில் காலையில் எல்லா ஆட்களும் துடைப்பமும் கூடையுமாக வாசலில் கூடினார்கள். மேனேஜர் கம்ப்ரசரை நிறுத்தினார். வருஷக்கணக்கில் காதில் விழுந்துகொண்டே இருந்த இரைச்சல் நின்றதும் எல்லோருக்கும் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பக்கக் கதவுகளையும் விரியத் திறந்துவைத்தார்கள். வெளி வெக்கை உள்ளே போயிற்று. உள்ளேயிருந்து வெள்ளைப் புகை மூட்டமாக வந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு உறைகள் அசைந்தன. ஒன்று, இரண்டு, வரிசை முழுக்க. துணியைக் கடித்துத் துளை போட்டுக்கொண்டு எலிகள் வெளியே வந்தன. சுவருக்குள்ளிருந்து, சரக்கு வைக்கும் தட்டுகளுக்கு அடியிலிருந்து, உதறிப்போட்ட சாக்குகளுக்குள்ளிருந்து. தொப்தொப்பென்று விழுந்த சத்தம் மழை பிடித்த மாதிரி இருந்தது. அவை சிதறி ஓடும் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். அவை ஓடவில்லை. இன்னும் உருகாமல் ஐஸ் மிச்சமிருந்த மூலைகளைத் தேடித் தேடிப் போய், ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து, வயிற்றை அதில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கின. தாய் எலிகள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஐஸைத் தேடின. ஐஸ் சுருங்கிக்கொண்டே வந்தது.

அடிக்க வந்தவர்களில் ஒருவர்கூடத் துடைப்பத்தைத் தூக்கவில்லை. தடித்த மீசைக்கார லோடுமேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்ன பாவம்டா இது" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மேனேஜர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

டாக்டர் மட்டும் ஐஸ் நிரப்பிய பெட்டியோடு உள்ளே இறங்கி, கைக்கு எட்டியவற்றை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் அவற்றுக்காகக் குளிர் அறை ஒன்று ஒதுக்கியிருக்கிறார்களாம். "தனியா முடியல, யாராவது வாங்கம்மா" என்றார். அவள் இறங்கினாள். கையுறை போட்ட உள்ளங்கையில் ஒன்றை எடுத்தாள். அதன் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் அவள் விரல்களே அதிர்ந்தன.

"இந்தப் பக்கம் குட்டிங்க நெறைய இருக்கு அண்ணி."

திரும்பினாள். சின்னவன். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கோட்டு, கையுறை எதுவும் இல்லை. எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு நின்றான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"திருடன் யாருன்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான். குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து, ஒரு குவியலை அப்படியே அள்ளினான்.

இரண்டு பேரும் சேர்ந்து அள்ளினார்கள். பெட்டி நிறைந்தது. மீதி எல்லாம் அவர்கள் கண் முன்னாலேயே அடங்கின. மூலைகளில் ஐஸ் இருந்த இடமெல்லாம் தண்ணீராகி, அந்தத் தண்ணீரில் நனைந்த முடிக் குவியல்கள் அசையாமல் கிடந்தன.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து நிமிர்ந்தபோதுதான் சின்னவன் கத்தினான். "அங்க பாருங்க!"

சுவரோரமாக ஒன்று போய்க்கொண்டிருந்தது. இளைத்த எலி. முடி மற்றவற்றைவிட மெலிதாக, ஒரு பக்கம் கிட்டத்தட்டச் சொட்டையாக இருந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு. அவை தள்ளாடவில்லை, மூச்சு வாங்கவில்லை. வாசல்படியில் ஒரு கணம் நின்று, முதல்முறையாக வெயிலை முகர்ந்து பார்த்துவிட்டு, மேனேஜரின் செருப்புக்கு அருகிலேயே புகுந்து முற்றத்துப் புல்லுக்குள் மறைந்துவிட்டன.

"அதுங்களுக்கு மட்டும் எப்படி ஒண்ணும் ஆகல?" என்று கேட்டாள்.

டாக்டர் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "எல்லாம் ஒரே மாதிரியா பொறக்கிறதில்லம்மா. உள்ள குளிர் இருந்த வரைக்கும் அதுங்கதான் சாகப் போற நோஞ்சானுங்க. இன்னைக்கு அதுங்க மட்டும்தான் பாக்கி."

அந்த மத்தியானம் அறையைக் கழுவி முடிக்கும் வரை சின்னவன் கூடவே இருந்தான். மேனேஜர் அருகில் வந்து, "நான் அவசரப்பட்டுட்டேன்பா, மனசுல வெச்சுக்காத" என்றார். சின்னவன் தலையை மட்டும் ஆட்டினான்.

பஸ் நிறுத்தத்துக்கு இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். அவள் உள்ளங்கையில் அந்த நெஞ்சுத் துடிப்பு போகவே இல்லை. எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், கடைசியில் உடைத்தே சொல்லிவிட்டாள்.

"எனக்குத் தெரியும் தம்பி, நீ செஞ்சிருக்க மாட்டேன்னு. தெரிஞ்சும் வாயைத் திறக்கல. பயந்துட்டேன்."

"அந்த வேலை எனக்கு வேணாம் அண்ணி. ஷெட்லயே சேர்ந்துக்கறேன்" என்றான். பிறகு, "ஆனா அங்க சிமெண்ட் தரையில படுத்து முதுகு செத்துப்போச்சு. இன்னைக்கு வீட்டுக்கு வந்துடறேன்."

பஸ் வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவர் அவள் கணவர்தான். தம்பியையும் மனைவியையும் ஒன்றாகப் பார்த்ததும் ஹாரனை ஒரு நீட்டு நீட்டினார். ஏறினார்கள். "என்னாச்சு, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றார்.

"சொல்றேன்" என்று அவள் இன்ஜினுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். சொல்ல வாயெடுத்தாள். கம்ப்ரசர் நின்றது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மீதியைச் சின்னவன்தான், கம்பியைப் பிடித்து நின்றபடி, அண்ணனின் காதருகே குனிந்து சொல்லிக்கொண்டே வந்தான்.